மாத்திரைப் பையையும் எடுத்து வாருங்கள்! வயிறு பற்றிய வாசகர் கேள்விகளும் டாக்டரின் பதில்களும்

தீபாவளிக்கு அடுத்த இதழுக்கு எப்போதும் வயிற்றுக் கேள்விகள்தான் அதிகம் வரும். இந்த முறையும் ஆசிரியர் குழுவினர் ஒரு கட்டுக் கடிதங்களை அனுப்பி, மேலே ‘பட்சணம் செய்த வேலை’ என்று எழுதியிருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் பட்சணத்தைவிட மாத்திரைதான் அதிகம் வேலை செய்திருக்கிறது. வலியைப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், தினமும் என்னென்ன விழுங்குகிறோம் என்பதைக் கடைசி வரியில், அதுவும் போகிற போக்கில்தான் எழுதுகிறார்கள். அதனால் நான் கடைசி வரியை முதலில் படிக்கிறேன்.

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் நான். வயது 66. ஆறு வருடமாகத் தினமும் காலையில் டிபன் முடித்ததும் ஒரு கேஸ் மாத்திரை போடுகிறேன். அட்டையில் பான்டபிரசோல், டோம்பெரிடோன் என்று போட்டிருக்கிறது. நிறுத்தினால் இரண்டே நாளில் நெஞ்செரிச்சல் தாங்க முடியவில்லை. ஆயுள் முழுக்க இதைப் போட வேண்டியதுதானா? பாதம் இரண்டும் மதமதப்பாக இருக்கிறது. சர்க்கரை இல்லை என்று டெஸ்டில் வந்துவிட்டது. – வாசகர், திண்டுக்கல்

ஐயா, இந்த மாத்திரையை யார், எதற்காக ஆரம்பித்தார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? பெரும்பாலும் யாருக்கும் இருப்பதில்லை. பல்வலிக்கு வலி மாத்திரையோடு துணைக்கு ஐந்து நாள் எழுதிய சீட்டு, ஐந்து வருடம் ஓடுவதை என் கிளினிக்கில் வாராவாரம் பார்க்கிறேன்.

பான்டபிரசோல் நல்ல மருந்துதான், எனக்கு அதன் மேல் கோபம் இல்லை. இரைப்பைச் சுவரில் இருக்கும் செல்கள் அமிலத்தை உள்ளே இறைக்கின்றன. அந்தப் பம்புகளை இது அடைக்கிறது. ஆனால், ஓடிக்கொண்டிருக்கும் பம்பை மட்டும்தான் இதனால் அடைக்க முடியும். பம்புகள் ஓட ஆரம்பிப்பது நாம் சாப்பிடும்போது. அதனால், சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் போட்டால்தான் மருந்து சரியான சமயத்தில் ரத்தத்தில் இருக்கும். நீங்கள் டிபனுக்குப் பிறகு போடுகிறீர்கள். ஆறு வருடமாக முழுப் பலன் கிடைக்காமலே சாப்பிட்டிருக்கிறீர்கள்.

நிறுத்தினதும் எரிவது ஏன்? அமிலம் குறைந்துவிட்டதை உணர்ந்த உடம்பு, காஸ்ட்ரின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. பூட்டிய கதவை வெளியிலிருந்து ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கும் ஆள்போல அது காத்திருக்கிறது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் சில வாரங்களுக்கு வழக்கத்தைவிட அதிகமாகவே அமிலம் சுரக்கும். அதைப் பார்த்துவிட்டு ‘வியாதி திரும்பி வந்துவிட்டது’ என்று மறுபடி அட்டையை வாங்கிவிடுகிறார்கள். எனவே படிப்படியாக விடுங்கள். இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் மூன்று நாளைக்கு ஒன்று. நடுவில் எரிந்தால் அமிலத்தை முறிக்கும் பாட்டில் மருந்தில் இரண்டு ஸ்பூன் போதும். இதை உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஏனென்றால் சிலர் இதை விடவே கூடாது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை சாப்பிடுகிறவர், ஏற்கெனவே இரைப்பைப் புண்ணில் ரத்தம் கசிந்தவர், உணவுக்குழாய் மோசமாகப் புண்ணானவர் எல்லாம் அந்தப் பட்டியலில் வருவார்கள்.

டோம்பெரிடோன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வாந்தி, குமட்டலுக்குச் சில நாள் கொடுக்கும் மருந்து அது. வயதானவர்களுக்கு இதயத் துடிப்பைக் குழப்பக்கூடும் என்பதால், 2014-இல் ஐரோப்பிய மருந்துக் கண்காணிப்பு அமைப்பு, பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நம் ஊரில் அது மிட்டாய்போல ஓடுகிறது. 66 வயதில், ஆறு வருடமாக, உங்களுக்கு அது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

சரி, கடைசி வரிக்கு வருகிறேன். சாப்பாட்டில் இருக்கும் பி12 வைட்டமினைப் பிரித்தெடுக்க இரைப்பை அமிலம் வேண்டும். வருடக்கணக்கில் அமிலத்தை அடக்கினால் பி12 குறையலாம். குறைந்தால் பாதம் மதமதக்கும். நீங்கள் சைவமாக இருந்தால் சந்தேகம் இன்னும் அதிகம். பி12-க்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், கூடவே மெக்னீசியத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் விடுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வையுங்கள் (தலையணையை அடுக்கினால் வயிறுதான் மடங்கும்). இடது பக்கம் படுங்கள். சாப்பாடு விழுங்கும்போது நெஞ்சில் சிக்குகிறது, எடை குறைகிறது என்றால் எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போடாதீர்கள்.

என் அம்மாவுக்கு வயது 61. ஒரு வாரமாக மலம் கன்னங்கரேலென்று போகிறது, தலை சுற்றுகிறது என்கிறார். இரும்புச் சத்து டானிக் குடித்தால் அப்படித்தான் போகும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். மூட்டுவலிக்கு மெடிக்கலில் வாங்கும் செட் மாத்திரை தவிர அவர் வேறெதுவும் சாப்பிடுவதில்லை. – வாசகி, திருவண்ணாமலை

இந்தக் கடிதத்துக்கு இதழ் வரும்வரை காத்திருக்கக் கூடாது என்று ஆசிரியர் குழு அன்றைக்கே வாசகியைப் போனில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டது. அம்மாவை மருத்துவமனையில் சேர்த்து, எண்டோஸ்கோபியில் இரைப்பைப் புண்ணைப் பார்த்து, ரத்தக் கசிவை நிறுத்திவிட்டார்களாம். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

இரும்புச் சத்தாலும் மலம் கறுக்கும், உண்மைதான். ஆனால் அது கரும்பச்சையாக, கெட்டியாக இருக்கும். இரைப்பையில் ரத்தம் கசிந்தால் வருவது தார் மாதிரி பளபளப்பாக, ஒட்டிக்கொள்ளும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினாலும் பீங்கானை விட்டுப் போகாது. நாற்றமும் தனி. அதோடு தலைசுற்றலும் சேர்ந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

அந்த ‘செட்’ மாத்திரைதான் இதில் ஆள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்ற வலிநிவாரணிகள், இரைப்பைச் சுவரைக் காக்கும் சளிப் படலம் உருவாவதையே தடுக்கின்றன. சாப்பிட்ட பிறகு போட்டால் பரவாயில்லை என்று நினைக்கிறார்கள். எரிச்சல் வேண்டுமானால் குறையும். ரத்தத்தின் வழியாக நடக்கும் கேடு குறையாது. பெயர் இல்லாத காகிதப் பொட்டலத்தில் மடித்துத் தரும் செட்டில் சில சமயம் ஸ்டீராய்டும் இருக்கும். அதனால்தான் மூட்டுவலி மாயமாகப் பறக்கிறது.

இரைப்பைப் புண்ணுக்கு இன்னொரு பெரிய காரணம் ஒரு கிருமி, ஹெலிகோபாக்டர் பைலோரி. நான் படிக்கிற காலத்துக்குக் கொஞ்சம் முன்புவரை, அல்சர் என்றால் கவலையும் காரமும்தான் காரணம் என்று பாடப்புத்தகமே சொன்னது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இருவர் கிருமிதான் என்றார்கள். யாரும் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல், ஆய்வகத்தில் வளர்த்த அந்தக் கிருமியைத் தானே குடித்தார். சில நாட்களில் வாந்தியும் குமட்டலும் வந்தன. எண்டோஸ்கோபியில் இரைப்பை அழற்சி தெரிந்தது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. (அவர் வீட்டில் இதைக் கேட்டுவிட்டு என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு யோசனை.) உங்கள் அம்மாவுக்கும் அந்தக் கிருமி இருக்கிறதா என்று பார்த்திருப்பார்கள். இருந்தால் ஆன்டிபயாடிக் சேர்த்துப் பதினான்கு நாள் மருந்து. பாதியில் நிறுத்தக் கூடாது. முடித்து ஒரு மாதம் கழித்து, கிருமி போய்விட்டதா என்று மறுபடி சோதிக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

என் பையனுக்கு ஏழு வயது. அடிக்கடி தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்பான், அரை மணியில் விளையாடப் போய்விடுவான். குடலேற்றம், எண்ணெய் போட்டுக் குடல் தட்டிவிட்டால் சரியாகும் என்கிறார் மாமியார். கூட்டிப் போகலாமா? – வாசகி, புதுக்கோட்டை

மாமியார் பேரன் மேல் உள்ள அக்கறையில் சொல்கிறார், அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஆனால் குடல் தட்டக் கூட்டிப் போகாதீர்கள்.

இப்படி வலி வந்து வந்து போகும் பிள்ளைகள் உலகமெங்கும் உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜான் ஆப்லி என்ற குழந்தை மருத்துவர் ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்து 1958-இல் எழுதினார். சுமார் பத்தில் ஒரு பிள்ளைக்கு இந்த வலி. பெரும்பாலானவர்களுக்கு உள்ளே எந்த நோயும் இல்லை. அவர் சொன்ன இன்னொன்றை நான் இன்றும் மாணவர்களுக்குச் சொல்கிறேன்: வலி தொப்புளைவிட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவுக்கு அதைச் சந்தேகப்பட வேண்டும். உங்கள் மகன் தொப்புளைத்தான் காட்டுகிறான், விளையாடவும் போகிறான். நல்லது. எடை ஏறுகிறதா என்று பாருங்கள். மலம் கட்டிப்போகிறதா என்று கேளுங்கள். பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து அடக்கி வைக்கும் பிள்ளைகளுக்கு இதே வலி வரும். பள்ளியில் கொடுக்கும் பூச்சி மாத்திரையைத் தவறவிடாதீர்கள். பள்ளி நாளில் மட்டும் வலி, ஞாயிற்றுக்கிழமை இல்லை என்றால், பள்ளியில் என்ன நடக்கிறது என்று மெதுவாக விசாரியுங்கள். நடிக்கிறான் என்று மட்டும் சொல்லாதீர்கள், அந்த வலி நிஜமானது.

பயம் எனக்கு வேறு ஒன்றில். குடல்வால் அழற்சியும் முதலில் தொப்புளைச் சுற்றித்தான் வலிக்கும். சில மணி நேரத்தில் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கும். பிள்ளை சாப்பாட்டை ஒதுக்கும், வாந்தி எடுக்கும், லேசாகக் காய்ச்சல் அடிக்கும். ‘எங்கே, ஒரு குதி குதி’ என்றால் குதிக்க மாட்டான். அந்த நிலையில் எண்ணெய் போட்டு வயிற்றை அழுத்தித் தேய்த்தால், வீங்கிய குடல்வால் உள்ளேயே உடைந்துபோகலாம். விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதிக்கு விடுவதும் அதே ஆபத்துதான். மாமியாரிடம் ‘டாக்டரம்மா குதிக்கச் சொல்லிப் பார்க்கச் சொன்னாங்க’ என்று சொல்லுங்கள். அவரே சோதித்துப் பார்ப்பார்.

ஐ.டி. வேலை, வயது 29. காலையில் ஆபீஸ் கிளம்பும்போது மூன்று, நான்கு தடவை கழிப்பறை. வயிறு உப்புசம். லீவு நாளில் பரவாயில்லை. ரத்தம், ஸ்கேன், கொலனோஸ்கோபி எல்லாம் நார்மல். ஐ.பி.எஸ். என்கிறார்கள். கேன்சராக மாறுமா? ஜிம் போய் உடம்பை நன்றாகத்தான் வைத்திருக்கிறேன். – வாசகர், சோழிங்கநல்லூர்

மாறாது, தம்பி. ஐ.பி.எஸ். என்பது (போலீஸ் அல்ல) குடல் எரிச்சல் நோய்த்தொகுப்பு. குடலின் அமைப்பில் கோளாறு கிடையாது. அதன் அசைவும், உணர்ச்சியும், மூளையோடு அது பேசும் பேச்சும்தான் தடம் மாறியிருக்கும். ‘எல்லாம் நார்மல், மனசுதான் காரணம்’ என்று உங்களை யாராவது அனுப்பிவைத்திருந்தால் அதில் பாதிதான் சரி. தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, ரத்தம், எடைக் குறைவு, காய்ச்சல் ஆகிய நான்கில் எதுவும் இல்லை என்றால் பயப்படவே வேண்டாம். இருந்தால் கதை வேறு. நம் நாட்டில் குடலில் காசநோய் இன்னும் சர்வசாதாரணம். அது கிரோன் என்ற குடல் அழற்சி நோய்போலவே வேஷம் போடும்.

ஜிம் என்றதும் நான் கேட்க நினைத்தது, புரோட்டீன் பவுடர் குடிக்கிறீர்களா? ஆசிரியர் குழு மூலம் கேட்டு அனுப்பினேன். ‘ஆமாம், காலையில் பாலில் இரண்டு ஸ்கூப்’ என்று பதில். தென்னிந்தியர்களில் நிறையப் பேருக்கு வளர்ந்த பிறகு பாலின் லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடும். செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போனால் அங்கே கிருமிகள் அதைப் புளிக்கவைத்துக் காற்றாக்கும், தண்ணீரையும் இழுக்கும். பாலிலிருந்து எடுக்கும் சாதாரண ‘வே’ புரோட்டீன் பவுடரிலும் லாக்டோஸ் இருக்கிறது, அதைக் கரைப்பதும் பாலில். ஞாயிற்றுக்கிழமை ஜிம்முக்கும் லீவு, பவுடருக்கும் லீவு. வேலைப் பதற்றத்துக்குப் பங்கு இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு வாரம் பாலையும் பவுடரையும் நிறுத்திப் பாருங்கள். தயிர், மோர் குடிக்கலாம். புளிக்கும்போது லாக்டோஸில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

அப்படியும் தீரவில்லை என்றால், ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபாட்மேப் உணவு முறை இருக்கிறது. எளிதில் புளிக்கும் மாவுச்சத்துகளை நாலைந்து வாரம் ஒதுக்கி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பது. வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பில் பல வகைகள் ஒதுக்கும் பட்டியலில் வரும். வெங்காயம் இல்லாத சாம்பாரா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அதனால்தான் உணவியல் நிபுணர் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். ஆயுளுக்கும் ஒதுக்குகிற பட்டியலும் அல்ல இது.

பேரனுக்கு இரண்டு வயது, வயிற்றுப்போக்கு. மெடிக்கலில் ஆரஞ்சு ருசியில் ஓ.ஆர்.எஸ். டப்பா கொடுத்தார்கள். பொட்டலத்தில் வரும் பொடியைக் குழந்தை துப்புகிறான். ஒரு டம்ளரில் கொஞ்சம் பொடி, நிறையச் சர்க்கரை போட்டுக் கொடுக்கலாமா? – பாட்டி, தென்காசி

கூடாதம்மா. இதில் அளவுதான் மருந்து.

குடல் சுவரில் ஒரு வாசல் இருக்கிறது. அதில் உப்பும் குளுக்கோஸும் ஜோடியாகத்தான் உள்ளே போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும். எவ்வளவு மோசமான பேதியிலும் அந்த வாசல் மூடுவதில்லை. இந்த ஒரு விஷயத்தை நம்பி, 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் போங்காவ் அகதி முகாமில் திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் ஒரு வேலை செய்தார். காலரா பரவிக்கொண்டிருந்தது, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே எடுத்துக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர்வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கலாம் என்று ‘லான்செட்’ மருத்துவ இதழ் 1978-இல் எழுதியது. நம் நாடு அவருக்குப் பத்ம விபூஷண் கொடுத்தது 2023-இல், அவர் இறந்த பிறகு. அதைப் பற்றி எனக்கு நிறைய ஆதங்கம் இருக்கிறது, இங்கே இடம் இல்லை.

சர்க்கரையைக் கூட்டினால் அது குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியை அதிகமாக்கும். நீங்கள் வாங்கிய மாதிரி டப்பாக்களில் பல இனிப்புப் பானங்கள்தான். உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் இல்லாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. பொடிப் பொட்டலத்தை வாங்குங்கள். ஒரு லிட்டர் என்று எழுதியிருந்தால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். 200 மில்லிப் பொட்டலமும் வருகிறது, எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கரையுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். துப்பினால் ஸ்பூனில் நிமிஷத்துக்கு ஒரு வாய். பொட்டலம் கிடைக்காத ராத்திரியில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு டீஸ்பூனால் தலைதட்டி ஆறு சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. உப்புப் போட்ட கஞ்சியும் மோரும் கொடுக்கலாம், சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். அரசு சுகாதார நிலையத்தில் தரும் துத்தநாக மாத்திரையை, நடுவில் பேதி நின்றாலும், மொத்தம் பதினான்கு நாள் கொடுத்து முடியுங்கள். கண் குழி விழுந்தாலோ, அழும்போது கண்ணீர் வராவிட்டாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ உடனே மருத்துவமனை.

ஆசிரியை, வயது 52. இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் மலம் கழிகிறது, அதுவும் முக்கி முக்கி. தினமும் இரவு ஒரு சூரணம் சாப்பிடுகிறேன், அளவு கூடிக்கொண்டே போகிறது. எலும்புக்குக் கால்சியம், ரத்தத்துக்கு இரும்பு, தொடர்ந்து எடுக்கிறேன். – வாசகி, விருதுநகர்

கடைசி வரியில் இரண்டு குற்றவாளிகள் நிற்கிறார்கள். கால்சியம், இரும்பு இரண்டுமே மலத்தைக் கட்டும். எழுதிக் கொடுத்தவரிடம், இன்னும் தேவையா, வேறு வடிவத்துக்கு மாறலாமா என்று கேளுங்கள். தைராய்டையும் ஒருமுறை பாருங்கள்.

ஒரு நாளைக்கு மூன்று தடவையும் சரி, வாரத்துக்கு மூன்று தடவையும் சரி. எண்ணிக்கையை விடுங்கள், மலம் எப்படி இருக்கிறது என்பதுதான் கணக்கு. அதற்கு ஏழு படங்கள் கொண்ட ஓர் அட்டவணையே இருக்கிறது. 1997-இல் வெளியானது, அதுவும் பிரிஸ்டலில்தான். (வயிற்று விஷயத்தில் அந்த ஊருக்கு என்ன அவ்வளவு அக்கறையோ!) ஆட்டுப் புழுக்கைபோல இருந்தால் முதல் எண், பிசிறில்லாத வாழைப்பழம் நான்காம் எண். நான்கு வந்தால் இரண்டு நாளைக்கு ஒருமுறை என்பதும் இயல்புதான்.

காலையில் காபி குடித்த இருபது நிமிஷத்துக்குள் பெருங்குடல் தானாக அசையும். அந்த நேரத்தில்தான் நீங்கள் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருப்பீர்கள். அதை விட்டால் அடுத்து பள்ளிக்கூடம். அங்கே கழிப்பறை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், நானும் அரசுப் பள்ளியில் படித்தவள்தான். அடக்கி அடக்கி, உணர்வே மங்கிப்போகிறது. பத்து நிமிஷம் முன்னால் எழுந்து காபியைக் குடித்துவிட்டுப் போய் உட்காருங்கள், வரட்டும் வராமல் போகட்டும். வெஸ்டர்ன் என்றால் காலுக்கடியில் ஒரு முக்காலி. சூரணத்தில் பெரும்பாலும் நிலாவாரை இருக்கும். அதை எப்போதாவது எடுக்கலாம், தினமும் வேண்டாம். பதிலாக இசப்கோல், ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு. தண்ணீர் குறைந்தால் அதுவே உள்ளே அடைத்துக்கொள்ளும். இந்தச் சிக்கல் சமீபத்தில் புதிதாக வந்தது என்றால் கொலனோஸ்கோபி தேவையா என்று ஒரு மருத்துவர் முடிவு செய்யட்டும்.

கடை வைத்திருக்கிறேன், வயது 48. மலத்தில் ரத்தம். மூலம் என்று நானே முடிவுசெய்து, பஸ் ஸ்டாண்டு சுவரில் ‘ஆபரேஷன் இன்றி ஒரே ஊசியில்’ என்று பார்த்த இடத்துக்குப் போகலாமென்று இருக்கிறேன். – வாசகர், சேலம்

போகாதீர்கள். அப்படிப்பட்ட இடங்களில் என்னவென்றே தெரியாத திரவத்தை ஊசியில் ஏற்றி, ஆசனவாய் அழுகிப்போய் என்னிடம் வந்தவர்கள் உண்டு. வலியில்லாமல் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு ரத்தம் என்றால் மூலமாக இருக்கலாம். கத்தியால் கிழிப்பதுபோல வலித்தால் வெடிப்பு. ரத்தம் மலத்தோடு கலந்து வருவது, சளி சேர்ந்து வருவது, சமீபமாக மலம் போகும் முறை மாறியிருப்பது இவற்றில் எதுவானாலும், 45 தாண்டிய உங்களுக்குக் கொலனோஸ்கோபி செய்துவிட்டுத்தான் மூலம் என்ற பேச்சையே எடுக்க வேண்டும். வெட்கப்படாதீர்கள், நாங்கள் தினமும் பார்க்கிற இடம்தான் அது. அப்புறம், கழிப்பறைக்குப் போனைக் கொண்டுபோவதை நிறுத்துங்கள்.

வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பையில் கல் இருப்பதாக வந்திருக்கிறது. எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. ஆப்பிள் ஜூஸும் ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் குடித்தால் பச்சைப் பச்சையாகக் கற்கள் வெளியேறும் என்று வீடியோவில் காட்டுகிறார்கள். – வாசகி, காரைக்குடி

வெளியே வருவது கல்லே இல்லை. நீங்கள் குடித்த எண்ணெய் குடலுக்குள் சோப்பாக மாறி உருண்டது. உண்மையான கல் உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

தொந்தரவு தராத கல்லைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம். பலருக்கு அது ஆயுள் முழுக்க வாயைத் திறப்பதில்லை. மூன்று சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாக இருந்தால், பையின் சுவர் சுண்ணாம்புபோல் இறுகியிருந்தால் மட்டும் அறுவை மருத்துவர் வேறு மாதிரி சொல்வார். விருந்துக்குப் பிறகு வலது மேல்வயிற்றில் ஆரம்பித்துத் தோள்பட்டைவரை ஏறி, அரை மணிக்கு மேல் பிடித்து வைக்கும் வலி வந்தால் பித்தப்பையை எடுத்துவிடுவதுதான் வழி. கூடவே காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ வந்தால் அன்றைக்கே மருத்துவமனை. எடையைக் குறைக்கிறேன் என்று பட்டினி கிடக்காதீர்கள். வேகமாக மெலிந்தால் புதுக் கற்கள் உருவாகும்.

வயது 58, சர்க்கரை உண்டு. சாப்பிட்டுவிட்டு நடந்தால் நடுநெஞ்சில் கேஸ் அடைக்கிறது. நின்று ஏப்பம் விட்டால் சரியாகிறது. சோடா குடிக்கலாமா? – வாசகர், ஈரோடு

நடந்தால் வருகிறது, நின்றால் போகிறது. இது என் துறை இல்லை ஐயா, இதய மருத்துவர் பார்க்க வேண்டியது. ஏப்பத்தை நம்பாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பே சில சமயம் வெறும் நெஞ்சு அடைப்பாகத்தான் தெரியும். இந்த இதழை மூடிவிட்டுப் போய் ஒரு இ.சி.ஜி. எடுங்கள். அது நார்மல் என்று வந்தாலும் அதோடு விடாதீர்கள், மேற்கொண்டு என்ன சோதனை என்று கேளுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே அடைத்து, வியர்த்துக் கொட்டினால் 108.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் அளவைக் கூட்டியதிலிருந்து பேதி. மாத்திரையை நிறுத்திவிடவா? – வாசகி, நாகர்கோவில்

நீங்களாக நிறுத்த வேண்டாம். உங்கள் சந்தேகம் சரிதான், அந்த மாத்திரை அப்படிச் செய்யும். மெதுவாகக் கரையும் வகை இருக்கிறது, சாப்பாட்டோடு எடுத்தால் தொந்தரவு குறையும். சர்க்கரை மருத்துவரைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

தீபாவளி லேகியம் உண்மையிலேயே வேலை செய்கிறதா டாக்டர்? – வாசகி, மயிலாப்பூர்

இஞ்சி, சுக்கு, ஓமம், திப்பிலி, மிளகு, வெல்லம், நெய். இதில் இஞ்சி இரைப்பையிலிருந்து உணவு கீழே இறங்குவதை விரைவாக்குகிறது என்பதை ஆய்விலும் பார்த்திருக்கிறார்கள். ஒரு நெல்லிக்காய் அளவு, காலையில் பட்சணத்துக்கு முன்னால். எங்கள் வீட்டில் பட்சணம் தீர்ந்த பிறகும் லேகிய டப்பாவைத் தேடி வருகிறவர்கள் உண்டு. அவர்களில் சர்க்கரை உள்ளவர்களுக்கு மட்டும் நான் டப்பாவைக் கண்ணில் காட்டுவதில்லை, அதில் பாதி வெல்லம்.